நோய் வருமுன் எடுக்க வேண்டிய அட்டை: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இலவச மருத்துவ வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், குறைந்த வருமானமுள்ள வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்துவிட்டால் முதலில் அடகுக் கடைக்குப் போவது நகை. அடுத்து வருவது வட்டிக் கடன். இப்படி வாங்கப்படும் கடனில் பெரும்பகுதி வாங்கவே தேவையில்லாதது என்பதுதான் வருத்தத்துக்குரியது. அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஆனால் அந்த அட்டைக்கு வேண்டிய தாள்கள் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே ஒரு வாரத்தை இதற்காக ஒதுக்கிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரை முதன்மையாகச் சொல்ல வருவது அதைத்தான்.

எந்த மருத்துவமனை, எந்த மாவட்டம்

செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. பேருந்து வசதியைப் பார்த்து எந்த ஊர் மருத்துவமனைக்கும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அட்டை, சான்று, மனு ஆகியவற்றுக்கு மட்டும் குடும்ப அட்டையில் உள்ள முகவரி எந்த மாவட்டமோ அந்த மாவட்ட அலுவலகத்தைத்தான் நாட வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்தார் சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், பொன்னமராவதி, திருமயம், இராயவரம் பக்கத்தார் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

காய்ச்சல், புண், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அதற்கு மேல், காரைக்குடியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. பொன்னமராவதியை ஒட்டிய வலையபட்டியில் பாப்பாயி ஆச்சி பெயரால் அமைந்த அரசு மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சை, தீவிர சிகிச்சை என்று வரும்போது சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும், அங்கிருந்து தேவைப்பட்டால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அனுப்பி வைப்பார்கள். இப்படி அனுப்பும்போது பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனால் எடுத்த பரிசோதனைகளையே மறுபடியும் எடுக்க நேரிடும், அரைநாள் வீணாகும்.

அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் கேட்கிறார்களே, அப்படியானால் அட்டை இல்லாதவருக்குச் சிகிச்சை இல்லையா என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அட்டையின் வழியே அந்தச் சிகிச்சைக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மருத்துவமனை பெற்றுக்கொள்ள முடியும். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட், எலும்பில் வைக்கும் தகடு போன்ற விலை உயர்ந்த பொருள்கள் விரைவாகக் கிடைக்கவும் அது உதவும். ஆகவே அரசு மருத்துவமனைக்குத்தான் போகப்போகிறோம் என்றாலும் அட்டையைக் கொண்டு போவதே முறை.

அட்டை எடுப்பது

2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது; 2018-இல் மத்திய அரசின் பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பழைய அட்டை இருக்கிறது, அது செல்லுமா என்று கேட்பவர்கள் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பதும், அது நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல. ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ரூபாயாக இருந்ததால், அந்தக் காலத்தில் விண்ணப்பித்துத் திரும்பியவர்கள் இப்போது மறுபடியும் முயன்று பார்க்கலாம். இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழும் குடும்பங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தேவையான தாள்கள் மூன்று: குடும்ப அட்டை, குடும்பத்தினர் அனைவரின் ஆதார், வருமானச் சான்று. இவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வாசலில் நின்று, ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கிறவரைத் தாண்டி உள்ளே போய்விடுங்கள்.

மூன்று தாள்களும் எளிதானவைபோலத் தோன்றினாலும், நம் பகுதியில் வேலை தடைப்படுவது இவற்றில்தான். முதலில் குடும்ப அட்டையைப் பாருங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருக்குத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் அவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருந்தாக வேண்டும். கல்யாணமாகி வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆன மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருப்பதும், பள்ளிக்கூடம் போகும் பேரனின் பெயர் எதிலுமே இல்லாதிருப்பதும், இறந்துபோன ஐயாவின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதும் சாதாரணமாகக் காணக்கூடியவை. பெயர் நீக்கமும் சேர்ப்பும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் செய்யக்கூடியவையே, ஆனால் நாளாகும். ஆதாரில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிட வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் ஆச்சிமார் தமக்கென்று தனிக் குடும்ப அட்டை பெற்றிருந்தால் அவர்கள் தனிக் குடும்பமாகவே பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்ற வரிசையில் அது நகரும். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல், கிராம நிர்வாக அலுவலரை நேரில் கண்டு குடும்ப நிலையை எடுத்துச் சொல்வது காரியத்தை விரைவுபடுத்தும். காப்பீட்டுத் திட்ட விண்ணப்பப் படிவத்திலேயே கிராம நிர்வாக அலுவலர் வருமானத்தைச் சான்றளிக்கும் முறையும் உண்டு.

இந்த இடத்தில் செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று அரண்மனைபோல நிற்கும் வீட்டில், பத்துப் பதினைந்து பங்காளிகளில் ஒருவராக, ஓர் அறையை மட்டும் புழங்கிக்கொண்டு, கோயில் வேலையிலோ கடைக் கணக்கிலோ வரும் சிறு சம்பளத்தில் வாழ்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கவும் கூசுகிறார்கள். கேட்டாலும், ‘இந்த வீட்டுக்காரருக்கா வருமானம் இல்லை?’ என்ற கேள்வி வருகிறது. இத்திட்டத்தில் கணக்கிடப்படுவது ஆண்டு வருமானம். விற்கவும் முடியாமல் வாடகைக்கு விடவும் முடியாமல் இருக்கும் வீட்டுப் பங்கு வருமானம் ஆகாது. வீட்டில் எத்தனை பங்குகள், வாடகை வருகிறதா, ஓய்வூதியம் எவ்வளவு என்பவற்றை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலோடு கொடுத்தால், அதிகாரி தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டிய நிலை இருக்காது. மறுபுறம், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் மாதந்தோறும் அனுப்பும் பணத்தை மறைத்துச் சான்று வாங்குவது பிற்பாடு சிக்கலில் கொண்டுபோய் விடும். திட்டத்தில் அந்த இடம் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் கூலிக்காரருக்கும், பெரிய வீடுகளில் காவலும் சமையலும் பார்ப்பவருக்கும் உரியது.

மருத்துவமனையில் சேரும்போது

அட்டை கையில் இருந்தும் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டியவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சேர்ந்த பிறகு, சில நாள் கழித்து, பில் வந்தபோதுதான் அட்டையைக் காட்டினார்கள். காப்பீட்டில் சிகிச்சை தொடங்கும் முன் முன்அனுமதி பெற வேண்டும் என்பது விதி. மருத்துவமனை உங்கள் அட்டை எண்ணையும் நோய் விவரத்தையும் பரிசோதனை முடிவுகளையும் அனுப்பும். காப்பீட்டுத் தரப்பு அதைப் பார்த்து இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு தொகை என்று அனுமதிக்கும். அதன்பிறகே சிகிச்சை திட்டத்தின் கணக்கில் ஏறும்.

ஆகவே வரவேற்பு மேசையிலேயே கேட்டுவிட வேண்டும். திட்டத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் காப்பீட்டுத் தொடர்பு அலுவலர் ஒருவர் இருப்பார். அவருக்கு மேசையும் பலகையும் இருக்கும். அவரிடம், ‘ஐயா, எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. டாக்டர் சொல்லியிருக்கும் இந்த ஆபரேஷன் திட்டத்தில் வருமா? இந்த நோய்க்கு உங்கள் மருத்துவமனைக்கு அனுமதி இருக்கிறதா? நாங்கள் தனியாக ஏதாவது கட்ட வேண்டுமா?’ என்று மூன்றையும் கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியமானது. ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே எல்லா நோய்க்கும் அங்கே அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதய அறுவைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். வீட்டிலிருந்து புறப்படும் முன்பே மேற்சொன்ன கட்டணமில்லா எண்ணிலோ, 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணிலோ கேட்டுக்கொண்டால் வண்டிச் செலவு மிச்சமாகும்.

திட்டம் எதைத் தரும், எதைத் தராது என்பதிலும் தெளிவு வேண்டும். பட்டியலில் உள்ள அறுவைகளுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைகளுக்குமே அது பொருந்தும். வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும் டாக்டர் கட்டணமும், மாதாமாதம் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையும் அதில் வாரா. அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு உள்ளே படுக்கை, மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் எல்லாம் அடங்கும். தனி அறை வேண்டும், ஏசி வேண்டும் என்று கேட்டு ஏறினால் அந்தப் பேச்சே வேறு. அனுமதி கிடைத்த பிறகும், ‘இந்த ஊசி திட்டத்தில் வராது, வெளியே வாங்கி வாருங்கள்’ என்று சொன்னால், மறுத்து வாதாட வேண்டாம். மருந்துச் சீட்டில் எழுதித் தரச்சொல்லி, ரசீதோடு வாங்கி, இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் புகார் செய்ய அவையே ஆதாரம். வெற்றுத் தாளிலும், நிரப்பப்படாத படிவத்திலும் கையொப்பமோ கைரேகையோ வைக்கக் கூடாது. வாசிக்கத் தெரியாத பெரியவர்களோடு படித்த பிள்ளை ஒருவர் போக வேண்டியது இதற்காகத்தான்.

அவசர நேரம்

மேலே சொன்ன முறையெல்லாம் நிதானம் உள்ள நேரத்துக்கு. நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி, விபத்து என்றால் தாள்களைத் தேடி நிற்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. அவசர நிலையில் வந்தவருக்கு முதல் சிகிச்சை தராமல் எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, திருப்பியனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. காப்பீட்டிலும் அவசர நோயாளிக்குத் தொலைபேசி வழியே அனுமதி கேட்டுவிட்டுத் தாள்களைப் பிறகு கொடுக்க வழியுண்டு. நோயாளி உள்ளே போனதும் உறவினர் ஒருவர் தொடர்பு அலுவலரைப் பார்க்க வேண்டும்.

நெஞ்சுவலி வந்தவரை நேரே மதுரைக்குக் கொண்டுபோக நினைத்து வழியில் நேரத்தை இழப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று. ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். புதரும் கண்மாயுமான நம் ஊர்களில் இதை எல்லா வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடித்த இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேட்டையே கொண்டுவரும்.

திருச்சி–இராமேசுவரம் சாலையில் நடக்கும் விபத்துகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் உச்சவரம்புத் தொகைக்குள் இலவசம். வருமானச் சான்று வேண்டாம். காப்பீட்டு அட்டை வேண்டாம். வெளி மாநிலத்தவர், வெளிநாட்டவர் என்ற பேதமும் இல்லை. 48 மணி நேரம் முடிந்த பிறகு, காப்பீட்டு அட்டை உள்ளவர் அதைக்கொண்டு தொடரலாம். இல்லாதவரை அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தை இரண்டாம் நாளிலேயே பேசி வைக்காவிட்டால் மூன்றாம் நாள் முதல் பில் ஏறத் தொடங்கும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரைப் பணம் கட்டச் சொல்லவோ, பெயர் விவரம் தரும்படி வற்புறுத்தவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது.

பிரசவமும் நீண்ட நோயும்

அரசு மருத்துவமனைப் பிரசவம், சிசேரியன் உட்பட, முழுவதும் இலவசம். மருந்து, இரத்தம், உணவு ஆகியவையும் அதில் அடங்கும். தாயையும் சேயையும் 102 வண்டி வீட்டில் கொண்டுவந்து விடும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணைகளில் கிடைக்கும். இதைப் பெறக் கர்ப்பம் தெரிந்த தொடக்க வாரங்களிலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கமாதலால், பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருந்தால் அந்த எண்ணைக் கையோடு கொண்டுவந்து இங்குள்ள செவிலியரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அதே வழியில் கிடைக்கும். ஊர்ச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். காசநோய்க்கு மருந்து இலவசம். அதோடு சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. டயாலிசிஸ் தேவைப்படுபவர்கள் தனியாரிடம் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பதற்கு முன், அரசுத் தலைமை மருத்துவமனையில் முறை வாங்கப் பெயர் பதிந்து வைக்க வேண்டும்.

வரம்புக்கு மேலே இருப்பவர்கள்

ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ உள்ள குடும்பங்கள்தாம் உண்மையில் திண்டாடுகின்றன. ஏழை என்றும் சொல்ல முடியாது, பில்லைக் கட்டவும் முடியாது. இவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேலை செய்யும் இடத்தை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் மில், கடை, ஓட்டல் போன்றவற்றில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருவார், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தால் குடும்பத்துக்கே மருத்துவ உரிமை உண்டு. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறக்கட்டளைகள் நடத்தும் பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார். அவரைச் சேர்க்கைக்கு முன்பே கண்டு பேசினால் சலுகை கிடைக்க வாய்ப்புண்டு. கண்புரைக்கு மதுரை அரவிந்த் மருத்துவமனையின் இலவசப் பிரிவும், அது ஊர்களில் நடத்தும் முகாம்களும் பலருக்குத் தெரிந்தவையே. பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து பெரிய அறுவைக்கு உதவி கேட்கலாம். மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, வருமானச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் துணைபுரியும். அந்தப் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும். ஏற்கெனவே செலவழித்ததை அது திருப்பித் தராது. ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும்போதே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

நம் பகுதியில் ஊர் நகரத்தார் சங்கங்கள், தனிக் குடும்ப அறக்கட்டளைகள், பள்ளிவாசல் ஜமாத்துகள், தேவாலயங்கள் என்று உதவும் இடங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போகும்போது முழுத் தொகையையும் கேட்காமல், காப்பீட்டில் இவ்வளவு கிடைத்தது, மீதி இவ்வளவு என்று மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டிக் கேட்டால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். காசோலையை மருத்துவமனை பெயருக்கே எழுதச் சொல்வது இருதரப்புக்கும் மரியாதை.

பணம் கேட்டால்

திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை கூடுதல் பணம் வாங்கினாலோ, காரணமில்லாமல் அட்டையை மறுத்தாலோ, முதலில் 1800 425 3993-இல் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளி உள்ளே இருக்கும்போதே செய்தால்தான் பயன் அதிகம். அதற்கும் தீர்வில்லை என்றால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இத்திட்டத்துக்கான குறைதீர் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் அட்டை எண், சேர்ந்த தேதி, நோயின் பெயர், கட்டிய தொகை, ரசீது நகல்கள் ஆகியவை இருந்தால் போதும். மருத்துவர்மீது கோபத்தைக் கொட்டும் பக்கங்கள் வேண்டாம். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வரக் கூடாது. வீடு திரும்பும்போது வெளியேற்றச் சுருக்கம், பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள் அனைத்தையும் கேட்டு வாங்கி ஒரே பையில் போட்டு, அட்டையின் நகலையும் அதிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மேசையில் கேட்பது அந்தப் பையைத்தான்.